லாபம், ரெண்டு, மூணு

மதியம் சாப்பிட உட்காரும்போது எங்கள் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் தினமும் ஒரு வியாபாரம் நடக்கிறது. ஒன்றாம் வகுப்பு ரெட்டைச் சடைக்காரிக்கு முட்டையின் மஞ்சள் கரு தொண்டைக்குள் இறங்காது. அவள் பக்கத்தில் உட்காரும் இரண்டாம் வகுப்புப் பையனுக்கு மஞ்சள் கரு என்றால் உயிர். சத்துணவு அம்மா தட்டில் முட்டையை வைத்ததும் அவள் நகத்தால் நடுவில் ஒரு கோடு கீறுவாள். வெள்ளையை மெல்லப் பிரித்து, உள்ளே இருக்கும் உருண்டையை உடையாமல் எடுத்து அவன் தட்டில் வைப்பாள். அவன் தன் முட்டை வெள்ளையை இரண்டு பாதியாக அவள் தட்டுக்கு மாற்றுவான். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. இருவரும் குனிந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

போன தை மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தினான். "டீச்சர், இவ அவன ஏமாத்துறா. வெள்ளைதான் பெருசு."

இரண்டு பேரும் வாயில் முட்டையோடு முழித்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளும் சந்தோஷமாகச் செய்துவந்த ஒரு காரியம் அந்த ஒரு சொல்லில் தப்புக் காரியமாகிவிட்டது. "ஏமாத்துறா" என்ற அந்தச் சொல் எனக்கும் உறைத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, ஒரு பொருள் கை மாறுகிறது என்றாலே யாரோ ஒருவர் ஏமாந்திருக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது? வியாபாரத்தைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளை நினைத்துப் பார்த்தேன். கள்ளத் தராசு, பாலில் தண்ணீர், பேராசை பிடித்த செட்டியார், தோண்டத் தோண்டப் பொற்காசு வரும் பானை. இந்தக் கதைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவை மட்டும்தான் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கொடுத்தவரும் வாங்கியவரும் இருவருமே மனம் குளிர்ந்து வீடு திரும்பிய கதை ஒன்றைச் சொல்லச் சொன்னால் நமக்கே சட்டென்று வராது.

நான் வேதாரண்யம் பக்கம் ஒரு ஒன்றிய தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில்தான். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். கணக்கில் பணம் வரும். அட்டையில் அச்சடித்த நோட்டும் நாணயமும் வைத்துக் கூட்டச் சொல்வோம், பிள்ளைகளும் சரியாகக் கூட்டிவிடுவார்கள். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "போன்லேருந்து" என்றுதான் பாதிப் பேர் சொல்கிறார்கள். கடையில் அம்மா போனைக் காட்டுகிறாள், பெட்டி பேசுகிறது, பிஸ்கட் கைக்கு வருகிறது. கொடுத்தது எது என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அதனால் முட்டைச் சண்டை நடந்த மறுநாள் அட்டை நோட்டுகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். கதையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் கதை உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குரங்கின் வாலில் முள் குத்திவிட்டது. நாவிதரிடம் போனது. முள்ளை எடுக்கப் போய் வால் அறுந்துவிட்டது. "என் வாலைக் கொடு, இல்லாட்டி கத்தியைக் கொடு" என்று கத்தியை வாங்கிக்கொண்டு கிளம்பியது. வழியில் ஒரு பாட்டி விறகைக் கையால் ஒடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கத்தியைக் கொடுத்து விறகை வாங்கியது. அடுத்த ஊரில் விறகில்லாமல் தோசை சுட முடியாமல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். விறகு போய் தோசை வந்தது. பசியோடு உட்கார்ந்திருந்த மேளக்காரருக்குத் தோசையைக் கொடுத்து மேளத்தை வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து அடித்தது. வால் போச்சு கத்தி வந்தது டும் டும் டும். கத்தி போச்சு விறகு வந்தது டும் டும் டும்.

டும் டும் வரும்போதெல்லாம் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டுவார்கள். தட்டி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இந்தக் கதையில யாரு அழுதிருப்பாங்க?"

"குரங்கு" என்றார்கள் முதலில். வால் போனதே. அப்புறம் ஒரு பெண் யோசித்து, "முடி வெட்டுறவரு" என்றாள். ஏன் என்றேன். "கத்தி இல்லாம அவரு நாளைக்கு எப்படி வேலைக்குப் போவாரு? வால வச்சு என்ன பண்ணுவாரு?" அறையே சிரித்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவள் அப்பா தச்சு வேலை செய்கிறவர். உளி இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"பாட்டி அழுதாளா?" இல்லை. "தோசை சுட்டவங்க?" இல்லை. "மேளக்காரர்?" இதில் இரண்டு கட்சி. மேளம் போய்விட்டால் கல்யாணத்துக்கு எதை அடிப்பார் என்று ஒரு கட்சி. பசியில் செத்துப்போனால் மேளம் எதற்கு என்று இன்னொரு கட்சி. "ஒரு வேளை சோத்துக்கு மேளத்தக் குடுக்கலாமா டீச்சர்?" என்று முட்டைக்காகக் கத்தின அந்தப் பையனே கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பசியோடு இருப்பவனிடம் பேரம் பேசுவது வேறு, வயிறு நிறைந்தவனிடம் பேசுவது வேறு. அதைப் பிள்ளைகளே தொட்டுவிட்டார்கள். நான் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

அந்த வாரம் முழுக்க எந்தக் கதை சொன்னாலும் இரண்டு கேள்வி நிலையாக நின்றுவிட்டது. ஒன்று, கேட்டு வாங்கினாங்களா, பிடுங்கினாங்களா? இன்னொன்று, ரெண்டு பேருமே சரின்னு சொன்னாங்களா? குரங்கு கத்தியை வாங்கியது பிடுங்கல் என்று ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. பாட்டியிடம் விறகு வாங்கியது மாற்றிக்கொண்டது. முட்டை? "மாத்திக்கிட்டது" என்றது வகுப்பு. ரெட்டைச் சடைக்காரி அன்று தலை நிமிர்ந்து சாப்பிட்டாள்.

இரண்டாவது கதைக்கு நான் என் அப்பாயியை, அப்பாவின் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். அப்பாயி போய்ப் பல வருடம் ஆகிறது. நான் வளர்ந்தது திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம், முழுக்க வயல்காடு. அறுவடை முடிந்ததும் வேதாரண்யத்தை ஒட்டிய அகத்தியம்பள்ளிப் பக்கத்திலிருந்து உப்பு வண்டி வரும். மாட்டின் கழுத்து மணி தெருமுனையில் கேட்கும்போதே அப்பாயி நெல் சேர்த்து வைக்கும் குதிரின் வாயைத் திறந்து நெல்லை எடுத்து முறத்தில் கொட்டி வைப்பாள். திண்ணையில் உட்கார்ந்து அவளே அளப்பாள். படியில் நெல்லைக் கோபுரமாகக் குவித்து, கையை வைத்து ஒரு தட்டுத் தட்டி, உப்புக்காரரின் சாக்கில் கொட்டும்போது முதல் படிக்கு "ஒண்ணு" என்று சொல்ல மாட்டாள். "லாபம்" என்பாள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. உப்பை அளக்கும்போது உப்புக்காரரும் அப்படித்தான். "லாபம்" என்று நீட்டி ராகமாகச் சொல்லி, "ரெண்டு", "மூணு" என்று போவார். எல்லாம் முடிந்ததும் ஒரு கைப்பிடி உப்பை எடுத்து மேலே போடுவார். அது கொசுறு. அப்பாயியும் சும்மா அனுப்ப மாட்டாள், ஒரு சொம்பு மோர் கொடுப்பாள்.

"ஏன் காசு குடுத்து வாங்கல?" என்று மூன்றாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். குதிரில் நெல் இருந்தது, பெட்டியில் காசு இல்லை, அதுதான் காரணம் என்றேன். நெல் விற்றுக் காசு வரும் வரைக்கும் உப்பில்லாமல் கஞ்சி குடிக்க முடியுமா? உப்புக்காரருக்கும் எப்படியும் அரிசி வேண்டும். அவர் ஊரில் உவர் மண்ணில் நெல் விளையாது.

"முதல் படி யாருக்கு லாபம் டீச்சர்?" இது ஒன்றாம் வகுப்பு. அப்பாயியும் சொன்னாள், உப்புக்காரரும் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். அவன் இரண்டு கையையும் மடக்கி விரித்து எதையோ கணக்குப் பார்த்தான்.

அடுத்த நாள் சொன்னது 2000 வருடத்துக் கதை. அகநானூற்றில் 140ஆம் பாட்டில் ஒரு உப்பு விற்கும் பெண் வருகிறாள். உமணர் வீட்டுப் பெண். உமணர் என்றால் உப்பளத்திலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு வண்டி வண்டியாக ஊர் ஊராகப் போகிறவர்கள். கையில் வளையல் ஒலிக்க, "நெல்லின் நேரே வெண்கல் உப்பு" என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறாள். நெல்லுக்குச் சரி அளவு உப்பு. கேட்டுப் பழகாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் பயந்துபோகிறாள். பாட்டின் கடைசியில் அவள் அப்பாவின் வண்டி கருஞ்சேற்றில் மாட்டிக்கொள்கிறது, மாடு முக்கி முக்கி இழுக்கிறது. அது காதல் பாட்டு. பிள்ளைகளுக்குக் காதலை விட்டுவிட்டு வளையலையும் நாயையும் சேற்றையும் மாட்டையும் மட்டும் கொடுத்தேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் உப்பளத்து வேலை. சேற்றில் புதைகிற வண்டியும் தெரியும், தெருநாயும் தெரியும். "நெல்லின் நேரே வெண்கல் உப்பு" என்று ஒரு வாரம் இடைவேளையில் கூவிக்கொண்டே திரிந்தார்கள். ஒருவன் கூவ, இன்னொருவன் குரைப்பான். சங்கப் பாட்டை இப்படித்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பெரும்பாணாற்றுப்படை என்ற இன்னொரு சங்கப் பாட்டில் ஒரு ஆயர் வீட்டுப் பெண் இருக்கிறாள். மோரை விற்று வந்த தானியத்தில் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பசும்பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். அதற்குப் பதில் எருமையும் பசுவும் கன்றுமாகக் கேட்டு வாங்குவாள். இதைச் சொன்னதும் வகுப்பு திகைத்துவிட்டது. தங்கத்தை வேண்டாம் என்பார்களா? சட்டைப் பொத்தானை எப்போதும் மாற்றிப் போடும் பையன்தான் அந்த முடிச்சை அவிழ்த்தான். "தங்கம் பால் கறக்குமா? கன்னு போடுமா?" அவன் வீட்டில் இரண்டு எருமை உண்டு.

சரி, கதை போதும், நாமே செய்து பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தாழ்வாரத்தில் சந்தை போட்டோம். காசு கொடுத்து வாங்கின பொருள் கூடாது, வீட்டில் சொல்லிவிட்டுத்தான் எடுத்துவர வேண்டும். இந்த இரண்டுதான் என் நிபந்தனை. கொய்யா, புளியங்காய், பனங்கிழங்கு, கடற்கரையில் பொறுக்கின சிப்பி, ஒரு மயிலிறகு, ஒரு முழம் முல்லைப்பூ வந்தன. எங்கள் பக்கம் முல்லை பிரசித்தம்.

பூக்காரிக்குப் பனங்கிழங்கு வேண்டும். கிழங்குக்காரனுக்குப் பூ எதற்கு? அவனுக்குச் சிப்பி வேண்டும். சிப்பி வைத்திருந்தவள் மயிலிறகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இறகுக்காரன் கொய்யாவுக்குத்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டான். கொய்யாக்காரி தன் கொய்யாவில் ஒன்றை அதற்குள் கடித்துவிட்டிருந்தாள். "குரங்கு என்ன செஞ்சிச்சு?" என்று நினைவுபடுத்தினேன். அவர்கள் வட்டமாகச் சுற்றி, ஒருவரை ஒருவர் இழுத்து, சுற்றை முடிப்பதற்குள் அரை மணி ஆகிவிட்டது. அதற்குள் பூ வாடிவிட்டது. ஓரம் பழுத்து, நார் மட்டும் ஈரமாக இருந்தது. கிழங்குக்காரன் கடைசியில் மனம் வந்து கேட்டபோது அவள் கொடுக்கவில்லை. "வாடினத எப்படிக் குடுக்கறது" என்று பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண் பூவோடு வந்து நின்றபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையை டப்பாவிலிருந்து எண்ணி எடுத்தாள். "பத்து கொட்டை வச்சுக்க. பூவ எனக்குக் குடு. இத வச்சு நீ யாருகிட்ட வேணா வாங்கிக்க." பூக்காரி யோசித்தாள். "அவன் வாங்கிப்பானா?" என்று கிழங்குக்காரனைப் பார்த்தாள். அவன், "நானும் பல்லாங்குழி ஆடுவேன்" என்றான். அவ்வளவுதான். பத்தே நிமிடத்தில் சந்தை முழுக்கக் கொட்டையில் ஓடியது. சிப்பி ரெண்டு கொட்டை. கொய்யா நாலு. பாதிப் பென்சில் அஞ்சு. மயிலிறகு இருபது, அதை யாராலும் வாங்க முடியவில்லை. நான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காசு என்ற சொல்லை அன்று நான் உச்சரிக்கவே இல்லை. கை நடுங்கியது எனக்கு. 28 வருடமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், ஒரு பாடம் தானாக முளைத்து வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பையன் மஞ்சப்பை நிறையப் புளியங்கொட்டையோடு வந்துவிட்டான். மாசி மாதம், அவன் பாட்டி வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுத்திருக்கிறாள். குப்பைக்குப் போகவேண்டியதை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். மயிலிறகை வாங்கினான். கொய்யா எல்லாவற்றையும் வாங்கினான். கையில் கொட்டை நிறைந்ததும் எல்லாரும் விலையை ஏற்றினார்கள். அஞ்சு கொட்டைப் பென்சில் நாற்பது ஆயிற்று. இரண்டு வாரமாகப் பன்னிரண்டு கொட்டையைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்த பெண் அந்தப் பென்சிலுக்காகத்தான் காத்திருந்தாள். டப்பாவைத் திறந்து கொட்டையை மறுபடி மறுபடி எண்ணினாள். பன்னிரண்டுதான். "நான் ஒண்ணும் செலவு பண்ணலயே டீச்சர். அப்புறம் ஏன் கொறஞ்சுபோச்சு?"

இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் எத்தனை பேர் சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருப்போம்.

மஞ்சப்பைக்காரனும் அழுதான். "நான் யாரையும் ஏமாத்தல. புடுங்கல. எல்லாரும் சரின்னுதான சொன்னாங்க?" அவன் சொன்னதும் உண்மைதான். எங்கள் இரண்டு கேள்விகளும் அங்கே போதவில்லை. அன்று மணி அடித்த பிறகும் உட்கார்ந்து பேசினோம். அவனைச் சேர்க்கக் கூடாது என்றார்கள் சிலர். எல்லாருக்கும் பங்கு போடலாம் என்றார்கள் சிலர். தச்சுக்காரர் மகள்தான், "உரசின கொட்டை மட்டும்தான் செல்லும்" என்றாள். தாயம் ஆட ஒரு பக்கம் வெள்ளை தெரிகிற மாதிரிக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்பார்கள், தெரியுமல்லவா? ஒரு கொட்டையைத் தேய்க்க நேரம் ஆகும், விரல் எரியும். வண்டிக்கணக்கில் கொண்டுவந்தாலும் உட்கார்ந்து உரசினால்தான் காசு.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தி உரசிக்கொண்டிருந்தார்கள். உரசி உரசிச் சூடான கொட்டையைப் பக்கத்திலிருப்பவர் கையில் வைத்துவிட்டு ஓடுவதும் நடந்தது. தகர டப்பாப் பெண் பன்னிரண்டையும் ஒரே நாளில் உரசிவிட்டாள். மஞ்சப்பைக்காரன் பதினைந்தில் நிறுத்திவிட்டான். பென்சில் பழையபடி அஞ்சுக்கு இறங்கியது. ராஜா காலத்தில் காசில் முத்திரை குத்தியது எதற்கு என்று அன்று சொன்னேன். ராஜராஜன் காசின் படத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் நிற்கிற உருவம், இன்னொரு பக்கம் உட்கார்ந்திருக்கிற உருவமும் எழுத்தும். "இதான் அவங்க உரசினது" என்றான் ஒருவன்.

பழைய காசுகளைக் கொண்டுபோய்க் காட்டியதும் அந்தச் சமயத்தில்தான். சதுரமான அஞ்சு பைசா, பூப்போல விளிம்பு வளைந்த பத்து பைசா, காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா. அப்பாயி கடைசிவரை அதை நாலணா என்றுதான் சொன்னாள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்குப் போய் 100 பைசா வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் போகவில்லை. பிள்ளைகளுக்குக் காண்டாமிருகம் மிகவும் பிடித்துவிட்டது. இதற்கு மிட்டாய் தருவார்களா என்றார்கள். தர மாட்டார்கள், 2011 ஜூன் மாதத்தோடு அது செல்லாமல் போய்விட்டது என்றேன். கையில் கனமாக இருக்கிறது, படம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள். இது அவர்களுக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்து ரூபாய் நாணயத்தோடு ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். "இது செல்லாது பாப்பா, வீட்டுக்குப் போய் நோட்டு வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு ரொட்டி வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். பத்து ரூபாய் நாணயம் 14 விதமான வடிவத்தில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே அறிவித்துவிட்டது. பாப்பாவுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? "கவர்மெண்டு அடிச்ச காசு எப்படி டீச்சர் செல்லாமப் போகும்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, அவளுக்காக. அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டு நோட்டு கொடுத்தேன். அதைப் பேருந்தில் கொடுத்தேன், நடத்துநர் பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இதையே கதையாகச் சொன்னேன். "அடுத்தவங்க வாங்கிப்பாங்கன்னு நம்பினாதான் நாம வாங்கிப்போம்" என்று தகர டப்பாக்காரி சொன்னாள். "பூக்காரி கேட்டாளே, அவன் வாங்கிப்பானான்னு. அது மாதிரி." இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

வீட்டில் செய்து பார்க்க நினைக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உண்டியலில் தொடங்காதீர்கள். சேமிப்பு நல்ல பழக்கம்தான், ஆனால் நாலைந்து வயதுப் பிள்ளைக்கு உண்டியல் என்பது காசு போய் விழுந்து காணாமல் போகிற ஓட்டை. முதலில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கட்டும். கீரைக்கார அம்மாவிடம் பிள்ளையின் கையால் காசு கொடுக்கச் சொல்லுங்கள். "இதுதான் போணி" என்று அவர் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பிள்ளை பார்க்கட்டும். கறிவேப்பிலைக் கொசுறு அதன் கைக்கே வரட்டும். கதை சொல்லும்போது ஏமாற்றுக்காரனை வில்லனாக வைப்பது சுலபம், பிள்ளைகளும் ரசிப்பார்கள். நேர்மையாக மாற்றிக்கொண்ட இருவரைக் கதாநாயகர்களாக வைப்பது கஷ்டம். அதற்காகவாவது கொஞ்சம் மெனக்கெடலாம்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் கதை இல்லை. அப்பா அம்மா இரண்டு பேருமே உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பையன் உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினான். விலை போட்டிருந்த இடத்தில் விரலை வைத்திருந்தான். "எங்க அளத்துல ஒரு மூட்டைக்கே கொஞ்சம்தான் குடுக்கறாங்க. இதுல ஒரு கிலோவுக்கு இவ்ளோ போட்டிருக்கு. நடுவுல யாரு எடுத்துக்கிட்டாங்க?"

கரும்பலகையில் உப்பின் வழியை வரைந்தோம். பாத்தி, கரையில் குவியல், சாக்கு, லாரி, ஆலை, அயோடின், பாக்கெட், இன்னொரு லாரி, கடை. ஒவ்வொரு இடத்திலும் யாரோ உழைக்கிறார்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது என்று பிள்ளைகளே ஆள் ஆளாக வரைந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இதன் நடுவில் வரி என்று ஒரு ஆள் நின்றான், அதற்காகத்தான் 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து இங்கே நடந்து வந்து ஏப்ரல் 30ஆம் தேதி உப்பு அள்ளினார் என்று சொன்னேன். அகத்தியம்பள்ளி நினைவுத்தூணை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாரும் வேல செய்யறாங்க டீச்சர். ஆனா எங்கம்மா படம்தான் சின்னதா இருக்கு" என்றான். வரைந்தவன் இடம் போதாமல் அப்படி வரைந்திருந்தான். நான் அழித்துப் பெரிதாக வரைந்தேன். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அவன் ஒரு தூக்குவாளியில் உப்புக் கொண்டுவந்தான். பாத்தியில் வாரின கல்லுப்பு, சோளம் அளவுக்குப் பெரிது பெரிதாக, வெயிலில் கண்ணைக் கூசியது. ஒரு கைப்பிடி அஞ்சு கொட்டை என்றான். அஞ்சா என்று ஒரு பெண் வாயைப் பிளந்தாள். கொய்யாவே நாலுதானே.

"எங்கம்மா கால் பாதம் முழுக்க வெடிச்சிருக்கு" என்றான். "ராத்திரி தேங்காயெண்ணெ தடவுவேன். அதனால அஞ்சு."

யாரும் பேரம் பேசவில்லை. ரெட்டைச் சடைக்காரி அஞ்சு எண்ணி வைத்தாள். மஞ்சப்பைக்காரன், தான் உரசின பதினைந்தில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் கொட்டி இரண்டு கைப்பிடி வாங்கிக்கொண்டான். வாளியின் அடியில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது. நான் படிக்கட்டில் அன்று காலை உரசி வைத்திருந்த கொட்டையை எடுத்து நீட்டினேன். அவன் என் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளை தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டே எண்ணினான்.

"லாபம், ரெண்டு, மூணு..."